குஞ்சு பொரிக்க அடைக்கோழியா, இன்குபேட்டரா?

டெல்டாவில் தென்னந்தோப்பிலும் அறுவடை முடிந்த வயலிலும் நாட்டுக்கோழி மேய்க்க நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது இதில்தான். அடைக்கோழி என்றாலும், இன்குபேட்டர் என்ற பொரிப்பு மெஷின் என்றாலும் பொரிக்க 21 நாள்தான்.

செலவு: கோழிக்கு ஒரு கூடை, மணல், வைக்கோல் போதும். இடிக்குப் பயந்து கரித்துண்டும் இரும்பும் போட்டு வைப்பார்கள். அது அவரவர் நம்பிக்கை. இன்குபேட்டருக்கு மெஷின் விலை, கரண்ட் பில், ஐப்பசிப் புயலில் கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் வேண்டும்.

எண்ணிக்கை: ஒரு கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைதான் தாங்கும். மெஷினில் நூறு கூட வைக்கலாம்.

வேலை: கோழி தானே முட்டையைப் புரட்டும். மெஷினில் சூடு 37.5 டிகிரியில் நிற்க வேண்டும், 18ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தி ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும்.

வளர்ப்பு: பெரிய வித்தியாசம் இங்கேதான். பருந்து நிழல் விழுந்தால் தாய் ஒரு குரல் கொடுக்கும், குஞ்சுகள் புதருக்குள் ஓடிவிடும். கரையான் கிளறவும் அதுவே காட்டித் தரும். மெஷின் குஞ்சுக்கு முதல் சில வாரம் பல்பு சூடு வேண்டும், அப்புறம்தான் மேய்ச்சல். ஆனால் குஞ்சோடு திரியும் தாய் சுமார் இரண்டு மாதம் முட்டையிடாது.

வெள்ளைக் கழிச்சல் என்ற கோழி நோய்க்கான சொட்டு மருந்து இரண்டுக்கும் ஒன்றே.

வீட்டுக்குப் பத்திருபது கோழி என்றால் அடைக்கோழியே போதும். தை, மாசியில் வைத்தால் வயலில் சிந்திய நெல்லும் கிடைக்கும். குஞ்சு விற்பவர்களுக்கு மெஷின்தான் சரி.