34,500 ரூபாய்க்கு கேமிங் பிசி: ஆர்டர் போடும் முன் இதைப் படியுங்கள்

இன்று காலை அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். ஏலச்சீட்டு எடுத்த காசு, 34,500 ரூபாய், அவரிடம் இருக்கிறது. கடைப் பெயரைப் போடவில்லை. ரீல்ஸ் போட்டு "பட்ஜெட் கேமிங் பிசி" விற்று, பார்சலில் அனுப்பும் அசெம்பிள் கடை. மதுரையில் இருந்துகொண்டு, சென்னையில் கம்ப்யூட்டர் பார்ட் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு எத்தனை தடவை போய் வர முடியும்? இந்த மாதிரிக் கடைகள் பிழைப்பது நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களை வைத்துத்தான்.

நம்பிக்கை எப்படி வந்தது என்று சொல்கிறேன். கண்ணாடி கேபினட்டும் கலர் லைட் ஃபேனும் கேட்டேன். "அண்ணே, அதெல்லாம் தண்டச் செலவு. அந்த மூவாயிரத்தை கிராபிக்ஸ் கார்டுல போடுங்க, கேம்ல தெரியும்" என்றார். விற்கிறவனே செலவைக் குறைக்கச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? கொடுமை என்னவென்றால், அந்த அறிவுரை நூற்றுக்கு நூறு சரி. பட்ஜெட் பிசியில் பெரிய பங்கு கார்டுக்குத்தான் போக வேண்டும். அப்புறம் வீடியோ காலில் ஜிடிஏ 5 ஓட்டிக் காட்டினார், மூலையில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) நம்பரோடு. அன்று இரவே ஜிபேயில் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

பேசியது: ரைசன் 5 5500 பிராசஸர், 8 ஜிபி ரேம் இரண்டு, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, புது ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லா பார்ட்டுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை).

வந்த பிசி டெஸ்க்டாப்பில் ஒழுங்காக இருந்தது. கேம் ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும். போன் செய்தால், "டிரைவர் அப்டேட் பண்ணுங்கண்ணே." செய்தேன். அப்புறம், "உங்க வீட்டு வோல்டேஜ் சரியில்ல, யுபிஎஸ் வாங்குங்க." பக்கத்துத் தெரு நண்பனுடைய யுபிஎஸ்ஸைக் கொண்டுவந்து மாட்டியும் அதே கதை. அதன் பிறகு போனை எடுத்தது கடைப் பையன்: "அண்ணன் வெளிய போயிருக்காரு."

அந்த நண்பன் சர்வீஸ் வேலை தெரிந்தவன். கேபினட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் லேபிளைக் காட்டினான். மேலே பெரிய எழுத்தில் 550 வாட். கீழே கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். பிராசஸரும் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். பிராசஸருக்கு 65 வாட், கார்டுக்கு 150 வாட் என்று கணக்கு வைத்தாலே 215, அதோடு முடிந்தது. பிராசஸர் லோடில் 65-ஐத் தாண்டும் என்பது வேறு. வோல்டேஜாம், யுபிஎஸ்ஸாம்!

கார்டு அதைவிட மோசம். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தால் ஷேடர் (கார்டுக்குள் இருக்கும் கணக்குப் போடும் சின்ன யூனிட்கள்) 2048. 2017-ல் வந்த அசல் ஆர்எக்ஸ் 580-க்கு 2304 இருக்க வேண்டும். இது 580 2048எஸ்பி, அதாவது அதற்குக் கீழ் மாடலான 570-க்கு 580 என்று பெயர் வைத்தது. அதுவும் புதுசு இல்லை. திருகுகளில் ஸ்க்ரூடிரைவர் தடம், போர்டில் எண்ணெய்ப் பிசுக்கு, ஃபேன் மட்டும் பளபள. 2022 செப்டம்பரில் எத்தீரியம் கிரிப்டோ காசுக்காக கார்டுகளை ராப்பகலாக ஓட்டும் மைனிங் நின்றதும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்த கார்டுகளில் ஒன்று என்று நண்பன் சொல்கிறான். ரேமும் இரண்டு இல்லை, ஒரே 16 ஜிபி ஸ்டிக். இரண்டு ஸ்டிக் சேர்ந்து வேகம் தரும் டூயல் சேனலும் போச்சு.

போட்டோ அனுப்பிக் கேட்டால் வந்த பதில்: "2048எஸ்பியும் 580 தானேண்ணே, பேர்லயே இருக்கே." சரி, மாற்றிக் கொடு என்றால், "கார்டைக் கழட்டி கூரியர் பண்ணுங்க, செக் பண்ண ஒரு மாசம் ஆகும்." ரைசன் 5 5500-ல் உள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையே வராது, 34,500 ரூபாய்ப் பெட்டியை ஒரு மாதம் சும்மா வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரலே மாறிவிட்டது. "கேபினட் ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டீங்க, வாரண்டி போச்சு." அதற்கப்புறம் பிளாக்.

பில்லைப் பாருங்கள்: "அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் 1, ரூ. 34,500". அவ்வளவுதான். ஜிஎஸ்டி நம்பர் இல்லை, எந்தப் பார்ட்டுக்கும் சீரியல் நம்பர் இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது, அங்கேயும் போவேன்.

எந்த பார்ட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கிற கோபத்தில் முடியவில்லை. இப்போதைக்கு இது: எஸ்எம்பிஎஸ்ஸில் வாட்டைப் பார்க்காதீர்கள், 12 வோல்ட் ஆம்பியரைப் பாருங்கள். வீடியோ காலில் கேமை ஓட்டிக் காட்டினால், ஜிபியு-இசட்டையும் திறக்கச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பார்ட் பார்ட்டாக சீரியல் நம்பரோடு பில் தர மாட்டேன் என்றால் அந்தக் கடையே வேண்டாம்.