அருவியா, பறவையா: அடுத்த பயிற்சிக்கு எது?

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு என்று தமிழ்நாடு, கேரள எல்லையின் இருபுறமும் ஆள் சேர்ந்த நம் போட்டோ கிளப்பில் இரண்டு தலைப்புகள் இழுபறியில் நிற்கின்றன.

செலவு
அருவி: டிரைபாட், லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் ஒரு என்.டி. ஃபில்டர். கேமராவோடு வரும் கிட் லென்ஸே தாராளம்.
பறவை: தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 400 மி.மீ. லென்ஸ். வாடகைக்கு எடுத்தாலும் கையைக் கடிக்கும்.

காலம்
அருவி: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சாரல் நேரம்.
பறவை: குளங்கள் நிறைந்த டிசம்பர், ஜனவரி.

கற்பது
அருவி: 1/500 நொடியில் துளித்துளியாக உறைந்து நிற்கும் தண்ணீர், அரை நொடியில் பால்போல வழிகிறது. ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது, படத்தை எப்படி மாற்றும் என்று திரையைப் பார்த்ததும் விளங்கிவிடும், வாத்தியாரே வேண்டாம்.
பறவை: 1/1000 நொடியைவிட வேகமான ஷட்டர், விடாமல் தொடரும் ஃபோகஸ். புதியவருக்கு முதல் நாள் மங்கல் படங்கள்தான் மிஞ்சும்.

தொல்லை
அருவி: குற்றாலத்தில் கூட்டம், லென்ஸில் சாரல். குளிப்பவர்கள் படத்தில் விழக்கூடாது. அதனால் விடிந்ததும் போவதே சரி.
பறவை: பொறுமை. அவ்வளவுதான்.

புதியவர்கள் அதிகம் என்றால் யோசிக்காமல் அருவியை எடுக்கலாம். கேமராவை ஓரளவு பழகியவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தால், லென்ஸ் வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு ஜனவரியில் குளத்தங்கரைக்குப் போகலாம்.