ஜப்பான் ரயில் பாஸா, தனி டிக்கெட்டா? முதலில் விமான டிக்கெட்டைப் பாருங்கள்

முதல் முறை ஜப்பானுக்குக் கிளம்புகிறோம், நாலைந்து ஊர் பார்க்கப்போகிறோம் என்று சொன்னதுமே எதிரிலிருப்பவர் கேட்பது, "ரயில் பாஸ் வாங்கியாச்சா?" என்பதுதான். 2023 அக்டோபர் வரை அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஒரே விலை கொடுத்து 7 நாளும் விருப்பம்போல் ரயில் ஏறும் பாஸ் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்த் திரும்பினாலே போட்ட காசு ஏறக்குறைய வந்துவிடும், அதற்கு மேல் பார்க்கிற ஊரெல்லாம் லாபம். அந்த மாதம் அதே பாஸை 50,000 யென் ஆக்கினார்கள். 14 நாளுக்கு 80,000, 21 நாளுக்கு 1,00,000. விலை ஏறிவிட்டது, அறிவுரை மட்டும் பழைய விலையிலேயே ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் முன்னால் இருப்பது மூன்று வழி: நாடு முழுக்கச் செல்லும் இந்தப் பெரிய பாஸ், அவ்வப்போது வாங்கும் தனி டிக்கெட், ஒரு பகுதிக்கு மட்டுமான வட்டார பாஸ். இவற்றில் எது மலிவு என்பதை ரயில் அட்டவணையைவிட உங்கள் விமான டிக்கெட்தான் தீர்மானிக்கிறது. இறங்கிய ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறப்போகிறீர்களா, இல்லை டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து கிளம்பப்போகிறீர்களா? இதை முடிவு செய்யாமல் பாஸ் கணக்குப் போடுவது வீண் வேலை.

முதலில் திரும்பி வருகிற கணக்கு. டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா, மறுபடி டோக்கியோ. நொசோமி என்ற அதிவேக ரயிலில் முன்பதிவு இருக்கையோடு டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு 14,000 யென் சொச்சம், கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு 11,000 சொச்சம், ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோவுக்கு 20,000க்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 45,000 பக்கம். டோக்கியோவின் நரிட்டா விமான நிலைய ரயில் இரண்டு தடவை, ஹிரோஷிமா பக்கத்திலுள்ள மியாஜிமா தீவுக்குப் படகு (அதையும் ஜப்பான் ரயில்வேயான ஜேஆர் ஓட்டுகிறது, பாஸில் அடக்கம்) எல்லாம் சேர்த்தால் பாஸும் டிக்கெட்டும் ஏறத்தாழ சரிசமம்.

சரிசமம் என்றால் பாஸே மேல் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை, காரணம் நொசோமி. அந்தப் பாதையில் மிக வேகமான ரயில் அதுதான், நெரிசல் நேரத்தில் மணிக்குப் பத்துக்கும் மேல் ஓடுகிறது, ஒன்றை விட்டால் பிளாட்பாரத்தில் நின்றபடியே அடுத்ததைப் பிடிக்கலாம். பெரிய பாஸ் வைத்திருப்பவர் அதில் ஏற வேண்டுமென்றால் தனியாகக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும், கியோட்டோ வரைக்கும் மட்டும் 4,960 யென். கட்ட மனமில்லையென்றால் அதே பாதையில் ஓடும் ஹிகாரி ரயில். அது கியோட்டோ போக அரை மணி நேரம்போலத்தான் கூடுதலாக எடுக்கிறது, அது ஒரு பெரிய விஷயமில்லை, ஆனால் பொதுவாக மணிக்கு இரண்டுதான், ஹிரோஷிமா போவதென்றால் பெரும்பாலும் வழியில் இறங்கி சகுரா ரயிலுக்கு மாற வேண்டும். 50,000 யென் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஏறிப் போகிற ரயிலை வேடிக்கை பார்ப்பது எனக்கு உறுத்துகிறது. அப்புறம் இன்னொன்று, டோக்கியோ மெட்ரோவிலோ கியோட்டோ நகரப் பேருந்திலோ இந்த பாஸ் செல்லாது. ஊருக்குள் சுற்ற எப்படியும் சுய்கா மாதிரி ஒரு கார்டில் பணம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இனி அடுத்த கணக்கு, டோக்கியோவில் இறங்கி ஒசாகாவில் விமானம் ஏறுகிறவருக்கு. ஹிரோஷிமாவிலிருந்து டோக்கியோ வரை திரும்புகிற அந்த நீண்ட பயணமே இல்லாமல் போகிறது. பெரிய பாஸ் இங்கே பேச்சுக்கே இடமில்லை. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒரு தனி டிக்கெட், அங்கிருந்து கான்சாய்-ஹிரோஷிமா வட்டார பாஸ், இதுதான் என் தேர்வு. 5 நாளுக்கு 17,000 யென் என்று 2023இல் வைத்தார்கள் (எந்தப் பாஸானாலும் வாங்கும் அன்று விலையை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி ஏற்றுகிறார்கள்). ஒசாகாவின் ஷின்-ஒசாகா நிலையத்திலிருந்து ஹிரோஷிமா வரை ஷிங்கான்சென் (புல்லட் ரயில்), மியாஜிமா படகு, ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்துக்குப் போகும் ஹருகா ரயில் எல்லாம் அதிலேயே அடக்கம். வேடிக்கை என்னவென்றால், பெரிய பாஸில் தனிக் காசு கேட்கிற நொசோமியில் இந்தச் சின்ன பாஸைக் காட்டி அப்படியே ஏறலாம். ஒரே ஒரு கண்ணி: கியோட்டோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் இடையிலான ஷிங்கான்சென் வேறு ஜேஆர் நிறுவனத்தின் கையில் இருப்பதால் அங்கே இந்த பாஸ் எடுபடாது. அந்தத் துண்டுக்குச் சாதாரண விரைவு ரயில், அரை மணி நேரத்துக்குள் போய்விடும். இது தெரியாமல் கியோட்டோவில் ஷிங்கான்சென் கேட் முன்னால் போய் நிற்காதீர்கள்.

ஹிரோஷிமா வேண்டாம், கூட்டம் குறைவான பக்கமாகப் போகலாம் என்றால் ஹொகுரிகு ஆர்ச் பாஸ் இருக்கிறது. டோக்கியோவிலிருந்து வடக்கே வளைந்து நகானோ, டொயாமா, கனசாவா வழியாக ஒசாகா, 7 நாள், 2024 மார்ச்சில் 30,000 யென் ஆனது. அதே மாதம்தான் அந்த ஷிங்கான்சென் பாதையை கனசாவாவைத் தாண்டி சுருகா வரை நீட்டினார்கள். முன்பு கனசாவாவிலேயே தண்டர்பேர்ட் ரயிலில் உட்கார்ந்தால் கியோட்டோவில் இறங்கிவிடலாம், இப்போது சுருகாவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் மாற வேண்டும். கனசாவாவில் மட்டும் இறங்குகிறவருக்கு தனி டிக்கெட்டே போதும், பாஸில் பெரிதாக மிச்சமில்லை. ஆனால் நகானோவில் ஒரு இரவு, டொயாமாவில் ஒரு பகல் என்று நின்று நின்று போகிறவருக்குக் கதை வேறு, ஏனென்றால் தனி டிக்கெட்டில் இறங்கி ஏறுகிற ஒவ்வொரு தடவையும் விரைவுக் கட்டணம் புதிதாகத் தொடங்குகிறது, தொகை சத்தமில்லாமல் ஏறிவிடும்.

பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 செ.மீ. தாண்டினால் டோக்கியோ-ஒசாகா-ஹிரோஷிமா பாதையில் அதற்கென்று உள்ள இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவுக்குக் காசில்லை, பதியாமல் ஏறினால் 1,000 யென்.

தனி டிக்கெட்டோ பெரிய பாஸோ, கியோட்டோ போகும்போது இ வரிசை இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். வலது பக்க ஜன்னல், கிளம்பி முக்கால் மணி நேரத்தில் ஃபுஜி மலை. மேகம் மறைக்காவிட்டால்.