அறிவியல்-சமூக ஆய்வு: தனிப் பட்டமா, சமூகவியல் வழியா?

அறிவியலும் தொழில்நுட்பமும் சமூகத்தோடு கொள்ளும் உறவை முதுகலையில் பயில விரும்புவோர் முன் இரு வழிகள் உள்ளன. எடின்பரோ போன்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அதற்கென்றே உள்ள பட்டம் ஒன்று, இங்கேயே எம்.ஏ. சமூகவியல் சேர்ந்து, ஆய்வேட்டை அத்துறையில் அமைத்துக்கொள்வது மற்றொன்று. இயற்பியல் முடித்த நான் இரண்டாவதைத் தேர்ந்தவன். என் சாய்வும் அந்தப் பக்கமே. செலவு வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

பாடத்தின் ஆழத்தில் தனிப் பட்டமே முந்துகிறது. உண்மையென ஏற்கப்பட்ட கோட்பாட்டையும் பொய்யென விலக்கப்பட்டதையும் ஒரே வகைக் காரணங்களால் விளக்க வேண்டும் என்ற, அறிவியலைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்த டேவிட் புளூரின் வாதம் எடின்பரோவில் உருவானதுதான். அந்தப் பயிற்சி இல்லாதபோது எது விடுபடும் என்பதற்கு, பூச்சியை எதிர்க்க மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்காயை எடுத்துக்கொள்வோம். 2009 அக்டோபரில் நிபுணர் குழு ஒப்புதல் தந்ததை, பொதுக் கருத்துக் கேட்புக்குப் பின் 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. என் சமூகவியல் வகுப்பு இதில் நிலவுடைமையையும் விதை வணிகத்தையும் பார்க்கக் கற்றுத்தந்தது. பாதுகாப்புத் தரவுகளை யார் உருவாக்கினார்கள், எவ்வளவு சோதனை போதுமென யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்விகளை நானே படித்துத்தான் எட்ட வேண்டியிருந்தது.

ஆயினும் கல்லூரி ஆசிரியர் பணியை நாடுபவருக்கு முடிவைத் தீர்மானிப்பது தேசியத் தகுதித் தேர்வான நெட். அதன் பாடப் பட்டியலில் இத்துறை தனிப் பாடமாக இல்லை. பட்டியலில் இல்லாத பாடத்தில் முதுகலை பெற்றவர் நெருங்கிய பாடத்தில் எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் சமூகவியல் தாளின் பத்து அலகுகளில் ஒன்பதாவது மட்டுமே 'அறிவியல், தொழில்நுட்பம், சமூகம்' என்பதால், தனிப் பட்டம் பெற்றவர் உறவுமுறை, ஊரக மாற்றம் உள்ளிட்ட மற்றவற்றைப் பெரும்பாலும் புதிதாகவே கற்க வேண்டியிருக்கும். சமூகவியல் மாணவருக்கோ அவை இரண்டாண்டுகள் படித்த பாடங்கள். அதைத் தாண்டினாலும், சமூகவியல் பணியிடத்துக்கு உங்கள் பட்டம் தொடர்புடையதுதானா என்ற கேள்வி நேர்காணலில் எழ இடமுண்டு. வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணையானது எனக் கூறும் சமநிலைச் சான்று பட்டத்தின் தரத்தைத்தான் சொல்லும், பெயரை மாற்றாது.

கொள்கை ஆய்வு நிறுவனங்களிலோ தொண்டு அமைப்புகளிலோ பணியாற்ற எண்ணுவோருக்கு இந்த வாதம் வலுவிழக்கும். அங்கே எனக்கு நேரடி அனுபவமில்லை, தனிப் பட்டம் அங்கே கைகொடுத்ததாக நண்பர்கள் சொல்லக் கேட்டதோடு சரி. சமூகவியலைத் தேர்பவர் மட்டும், இத்தகைய ஆய்வேட்டுக்கு வழிகாட்ட முன்வரும் ஆசிரியர் அத்துறையில் இருக்கிறாரா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டறிவது நல்லது.