பிடோக் நீர்த்தேக்கத்தில் ஆறு வருடத் தூண்டில்

மன்னார்குடிப் பக்கத்து வாய்க்காலில் மண்புழு கோத்து, மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டி, கெண்டையும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்தவன் நான். சிங்கப்பூர் வந்து பிடோக் நீர்த்தேக்கத்தில் தூண்டில் போட ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. பெரும்பாலான ஞாயிறு காலை அங்கேதான்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துவைத்த இடங்களில் மட்டுமே மீன் பிடிக்கலாம். லூர் எனப்படும் செயற்கை இரைதான், புழு, இறால், சின்ன மீன் எதுவும் கூடாது. குடிநீராகப் போகும் தண்ணீர் இது. பலகையைப் பார்த்து நில்லுங்கள், மீறினால் அபராதம்.

புழு இல்லாமல் என்ன மீன்பிடி என்று அன்றைக்கு எனக்குப் பெரிய ஏமாற்றம். முதல் வருடம் முழுக்க என்னால் முடிந்த மட்டும் ஏரியின் நடுவை நோக்கி வீசிக்கொண்டிருந்தேன். கிடைத்தது மூன்றோ நான்கோ மீன். வழக்கமாக வரும் ஒரு பாக்சிக், அதாவது மலாய்ப் பெரியவர், ஒருநாள் என் தோளைத் தொட்டு, கரையை ஒட்டியே நீளவாக்கில் வீசச் சொன்னார். "பெலான், பெலான்" என்று கையை மெதுவாகச் சுழற்றியும் காட்டினார். அன்று ஒரே மணி நேரத்தில் இரண்டு மீன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த இடம் முன்பு மணல் குவாரி. 1986ல் நீர்த்தேக்கமாக முடித்தார்கள். பரப்பு 88 ஹெக்டேர். கரையைத் தாண்டினால் சீக்கிரமே ஆழம் வந்துவிடுகிறது. குஞ்சு மீன்கள் ஒதுங்குவது கரையோரப் புல்லிலும் கல்லிலும். அவற்றைத் தின்ன வரும் பெரிய மீனும் அந்த ஓரத்தில்தான் திரியும். நடுவில் வீசினால் வெறும் தண்ணீரைத்தான் இழுக்கிறோம்.

பெரிய மீன் என்றால் இங்கே பீகாக் பாஸ்தான். தென் அமெரிக்காவிலிருந்து வந்து இந்த நாட்டு நீர்த்தேக்கங்களில் பெருகிவிட்ட மீன். மஞ்சள் உடம்பு, கறுப்புப் பட்டைகள், வால் அடியில் பொன்வளையம் போட்ட, கண் மாதிரியான கறுப்புப் புள்ளி. கடி ரொம்ப முரட்டுத்தனம். தூண்டில் நரம்பு சட்டென்று பக்கவாட்டில் ஓடும், கம்பு நுனி தண்ணீரைத் தொடும். ஜிலேபிக் கெண்டையும் நிறைய உண்டு, ஆனால் லூரை அவ்வளவாகச் சீண்டாது.

போன வருடம் ஒரு ஜோடி கரையிலிருந்து ஆறடி தூரத்தில் கல் மேல் முட்டையிட்டிருந்தது. ஆணுக்கு நெற்றியில் திமில் மாதிரி புடைப்பு. என் லூர் அருகில் போனதும் அது கடிக்கவில்லை. மூக்கால் முட்டி ஒதுக்கித் தள்ளியது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை வீச எனக்கு மனசு வரவில்லை. அந்த ஓரத்தில் ஒரு மாதம் நான் தூண்டிலே போடவில்லை.

சாமான் விஷயம். ஆறரை அடி லேசான கார்பன் கம்பு, நரம்பு சுற்றிவைக்கும் சின்ன ஸ்பின்னிங் ரீல், பின்னல் நரம்பு, அதன் முனையில் இரு கை விரித்த நீளத்துக்கு ஃபுளோரோகார்பன் நரம்பு. இது போதும். முதலில் விலை குறைவு என்று வாங்கிய ஒரு கம்பில் நுனி வளையத்தின் பீங்கான் விரிசல் விட்டிருந்தது. அது நரம்பை அறுத்து அறுத்து நாலு லூர் போனது. காரணம் தெரியாமல் முடிச்சைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வாரம் ஒருமுறை வளையத்துக்குள் பஞ்சை விட்டுத் தேய்த்துப் பார்க்கிறேன். பஞ்சிழை சிக்கினால் விரிசல் இருக்கிறது என்று அர்த்தம்.

லூரோடு வரும் மும்முனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள், அதன் எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிடுங்கள். கொஞ்சம் மீன் நழுவும், சரி. ஆனால் மீனைத் திரும்பத் தண்ணீரில் விடும்போது வாய் கிழியாது. பின்னால் நடைபாதையில் பிள்ளைகள் ஓடுகிற இடம் என்பதும் நினைவிருக்கட்டும். வீசுவதற்கு முன் திரும்பிப் பார்க்காதவர்களை நான் நேரிலேயே சொல்லி நிறுத்துவேன்.

நேரம், விடிந்த முதல் ஒரு மணி. ஏழு மணிவாக்கில் வெளிச்சம் வரும்போது நீர்மேல் சத்தமிடும் பாப்பர் லூர், எட்டுக்கு மேல் மூழ்கும் சின்ன மின்னோ லூர். பெருமழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கிவிடும். இரண்டு நாள் போகாமல் இருப்பதே நல்லது. இடி கேட்டால் உடனே சுருட்டிவிடுங்கள். கார்பன் கம்பில் மின்சாரம் பாயும்.

இப்போது எட்டு வயது மகளும் வருகிறாள். போன மாதம் அவள் பிடித்த முதல் மீன் ஒரு சாண்கூட இல்லை. கையை நனைத்துக்கொண்டு அடிவயிற்றில் தாங்கிப் பிடித்தாள். "அப்பா, மூச்சு வாங்குதுப்பா, சீக்கிரம்" என்று முள்ளை எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தினாள். போட்டோ எடுக்கவில்லை.