ஸ்ராலினின் பட்டியல், மாவோவின் கூட்டம்

யாழ்ப்பாணத்து வாசிகசாலைப் பேச்சுகளில் ஸ்ராலினின் பெரும் களையெடுப்பையும் மாவோவின் கலாசாரப் புரட்சியையும் ஒரே கூடையில் போடுவதுண்டு. அது பிழை.

1937இல் ஸ்ராலின் போட்டியாளரைப் பெரும்பாலும் வீழ்த்திவிட்டார். இரகசியப் பொலிஸும் கைக்குள். ஜூலை 30இல் வந்த 00447ஆம் உத்தரவு சுடவேண்டிய எண்ணிக்கையையே பிரதேசவாரியாகப் பங்கிட்டது: மொத்தம் 75,950. உள்ளூர் அதிகாரிகள் தங்கள் தலை தப்ப, பங்கைக் கூட்டித் தரச்சொல்லிக் கேட்டார்கள். அரச ஆவணக் கணக்கில் இரண்டு வருடத்தில் சுடப்பட்டோர் 681,692.

1966இல் மாவோவின் நிலை வேறு. கட்சி இயந்திரம் நாட்டின் தலைவராயிருந்த லியூ ஷாவோசி பக்கம். ஆகவே மாணவரைத் தெருவில் இறக்கி, பொலிஸை ஒதுங்கி நிற்கவைத்தார். ஆசிரியர்களின் கழுத்தில் குற்றப்பலகை தொங்கியது. ஆனால் கூடுதலான உயிர்களைக் குடித்தது செங்காவலர் எனப்பட்ட அந்த மாணவரல்ல. ஒழுங்கை மீட்கவென 1968இல் இறங்கிய படையும், புதிய உள்ளூர் நிர்வாகங்களான புரட்சிக் குழுக்களும்தான். இதைப் பலர் கவனிப்பதேயில்லை.

லியூ 1969இல் கைபெங் நகரில் காவலில் இறந்தார். உடலைப் பொய்ப் பெயரில் எரித்தார்கள்.