வள மையமா, பள்ளி லேபா?

மன்னார்குடிப் பக்கத்து ஆசிரியர்களுக்கு இணையமும் மின்னஞ்சலும் கற்றுத்தர இரண்டு வழி உண்டு. வட்டார வள மையத்தில் ஒருநாள் பயிற்சி வைத்தால் பயிற்சி தர நல்ல கருத்தாளர் கிடைப்பார். ஆனால் கூட்டத்தில் பலர் பார்த்துவிட்டு வருவதோடு சரி.

பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபிலேயே வாரம் ஒரு மணி நேரம் என்றால் கை பழகும். முதலில் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு, அப்புறம் கோப்பு இணைப்பது. ஜிமெயிலில் 25 எம்பியைத் தாண்டிய வீடியோ கூகுள் டிரைவ் சுட்டியாகத்தான் போகும். இதையெல்லாம் தானே அனுப்பிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். கல்லணைப் பாடத்துக்குத் தேடிய படத்தை மறுநாளே வகுப்பில் காட்டலாம். ஐப்பசி மழையில் மின்சாரம் போனால் அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம். சொல்லித்தரப் பொறுமையான சக ஆசிரியர் ஒருவர் வேண்டும், அதுதான் சிக்கல்.

என் ஓட்டு பள்ளிக்கே. கணக்கு தொடங்கவும், கடவுச்சொல் மறந்தால் மீட்க செல்பேசி எண்ணைப் பதியவும் மட்டும் வள மையம் போதும்.